திரௌபதி அம்மன் வழிபாட்டில் தெருக்கூத்து

தெருக்கூத்து என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் இசை, ஆடல், வசனம் ஆகியவை கலந்த நாடக வடிவமாகும். இது கட்டைக்கூத்து, பாரதக் கூத்து என்னும் பெயர்களாலும் அறியப்படுகிறது. பழைய தொண்டை மண்டலத்தின் பகுதிகளான செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களின் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களையொட்டி இக்கூத்து ஆடப்படுகிறது. இவ்விழாவில் கூத்து, வழிபாடு முடிந்தபின் நடைபெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி அன்று. அதுவே வழிபாட்டின் ஒரு பகுதி. பாரதப் போர் ஊரில் நடந்து முடிந்தால்தான் தீமிதி நடைபெறும். தீமிதி நடைபெற்றால்தான் ஊரார் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் நிறைவேறும்.

ஒரு சமயச் சமூகத்துக்கு நாடகம் எதற்குப் பயன்படுகிறது என்னும் கேள்விக்குத் திரௌபதி அம்மன் விழா தெளிவான விடை தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும்.

பெயர்

தெருவில் ஆடப்படுவதால் தெருக்கூத்து என்னும் பெயர் ஏற்பட்டது. வேடதாரிகள் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் கண்ணாடித் துண்டுகள் பதித்த மர அணிகலன்கள் 'கட்டை' எனப்படுகின்றன. அவற்றைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்னும் பெயர் ஏற்பட்டது. 'தெரு' என்னும் சொல் கலையைத் தாழ்த்துவதாகக் கருதும் கலைஞர்கள் கட்டைக்கூத்து என்னும் பெயரையே விரும்புகின்றனர். வேறு சிலர் தெருக்கூத்து என்னும் பெயரையே தொடர்ந்து பயன்படுத்துகின்றனர். நிகழ்த்தும் முறையைக் கொண்டு இக்கூத்தை வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகள் வடக்கத்திப் பாணியைச் சேர்ந்தவை.

திரௌபதி அம்மன் வழிபாடு

மகாபாரதக் கதையின் நாயகியான திரௌபதியைத் தெய்வமாக வழிபடும் மரபு தமிழ்நாட்டின் வடபகுதியில் பரவலாக உள்ளது. இம்மரபின் மூலக்கோயிலாக விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயில் கருதப்படுகிறது. பல ஊர்களில் இக்கோயில்கள் தருமராசா கோயில் என்றும் அழைக்கப்படுகின்றன. திரௌபதியுடன் பாண்டவர், கிருஷ்ணன் ஆகியோரின் உருவங்களும், காவல் தெய்வமாகப் போத்துராசாவும் இடம்பெறுவது வழக்கம். முத்தால் ராவுத்தர் என்னும் இசுலாமியக் காவலரும் சில கோயில்களில் வழிபடப்படுகிறார்.

காவியத்தில் அவமதிக்கப்பட்ட அரசியாக வரும் திரௌபதி, இவ்வழிபாட்டில் ஊரைக் காக்கும் அம்மனாகவும் தீயில் பிறந்த கன்னித் தெய்வமாகவும் விளங்குகிறாள். சபையில் துகிலுரியப்பட்ட அவள், துரியோதனன் அழியும் வரை கூந்தலை முடிக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். விழா முழுவதையும் இணைப்பது இச்சபதமே. முதல் நாட்களில் அவிழ்ந்த கூந்தல் கடைசி நாளில்தான் முடிக்கப்படுகிறது.

விழாவின் அமைப்பு

பாரத விழா பெரும்பாலும் சித்திரை முதல் ஆடி வரையிலான மாதங்களில் நடைபெறும். அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்திருக்கும் காலமாதலால் கூத்துக்கும் படுகளத்துக்கும் வேண்டிய திறந்தவெளி அப்போது கிடைக்கிறது. விழா நாட்களின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறுபடும். பத்து நாட்களில் முடியும் விழாக்களும் உண்டு. பதினெட்டு நாட்களும் அதற்கு மேலும் நீளும் விழாக்களும் உண்டு.

கொடியேற்றமும் காப்புக் கட்டுதலும் நடந்த பிறகு விழா மூன்று இழைகளாகச் செல்கிறது.

முதலாவது பாரதப் பிரசங்கம். பிற்பகல் நேரங்களில் பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூரார் இயற்றிய பாரதத்தின் செய்யுட்களைப் பாடி உரைநடையில் விளக்குவார். நல்லாப்பிள்ளை பாரதமும் பயன்படுவதுண்டு. வில்லிபாரதம் பத்துப் பருவங்களைக் கொண்டது. பதினெட்டாம் நாள் போருடன் நிறைவடைவது. ஊர் விழாவின் கதையும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் முடிகிறது.

இரண்டாவது கூத்து. பகலில் சொல்லப்பட்ட கதைப்பகுதியை ஒட்டிய நாடகம் இரவில் ஆடப்படும். கூத்து தொடக்க நாட்களிலிருந்து ஆடப்படாமல் விழாவின் பிற்பகுதி இரவுகளில் மட்டும் ஆடப்படுவது பல ஊர்களில் வழக்கம்.

மூன்றாவது கோயில் சடங்கு. பூசை, அம்மன் ஊர்வலம், படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிடேகம் ஆகியவை இதில் அடங்கும்.

கதை கேட்டல், கதை காணல், கதையில் பங்குகொள்ளல் என்று இம்மூன்றையும் வரிசைப்படுத்தலாம். எழுத்தறிவு இல்லாத காலத்தில் மகாபாரதம் ஊர் மக்களைச் சென்றடைந்த முதன்மையான வழிகளுள் ஒன்று இது.

கூத்தின் நிகழ்த்துமுறை

விழாக் குழுவினர் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்துக் கூத்துக்குழுவை ஒப்பந்தம் செய்வர். ஆடும் இடம் களரி எனப்படும். களரியின் ஒரு பக்கத்தில் இசைக்கலைஞர்களும் பின்பாட்டுக்காரரும் இருப்பர். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை ஆகியவை இசைக்கருவிகள். முகவீணை என்பது நாதசுவரத்தை ஒத்த சிறிய ஊதுகருவியாகும். பெயரில் வீணை இருப்பினும் இது நரம்புக்கருவி அன்று.

இரவு பத்து மணியளவில் களரி கட்டுதல் என்னும் தொடக்க இசையுடன் கூத்து தொடங்கும். கடவுள் வாழ்த்துக்குப் பின் கட்டியக்காரன் தோன்றுவான். இவன் அரசனின் காவலனாகவும், கோமாளியாகவும், கதையை விளக்குபவனாகவும் இருப்பவன். புராண காலத்து அரசனிடம் ஊரின் இன்றைய நடப்பைப் பேசிச் சிரிக்கவைக்கும் உரிமை இவனுக்கு உண்டு. முதன்மை வேடதாரிகள் இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பின்னர் திரை விலக்கி வெளிப்படுவர். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பது மரபாக இருந்தது. விடியும் வேளையில் கூத்து முடியும்.

வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராசசூய யாகம், பகடைத் துகில், அருச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவை விழாக்களில் ஆடப்படும் நாடகங்களுட் சிலவாகும்.

நடிப்பும் சடங்கும்

விழாவின் சில இரவுகளில் நடிப்புக்கும் சடங்குக்கும் இடையிலான எல்லை மங்கிவிடுகிறது. கூத்தின் சமயப் பயனை அறிவதற்கு இவ்விரவுகள் முக்கியமானவை.

துகிலுரிதல்

பகடைத் துகில் நாடகத்தில் துச்சாதனன் திரௌபதியின் துகிலை உரிய முற்படும் இடம் மிகுந்த அச்சத்துடன் அணுகப்படுவது. சேலையைத் தொடுவதற்கு முன் துச்சாதனனாக நடிப்பவர் நாடகத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றித் திரௌபதி வேடத்தை வணங்கி, நடக்கவிருப்பது நடிப்பே என்று மன்னிப்பு வேண்டுவது வழக்கம். அதன் பின்னரே அவர் மீண்டும் துச்சாதனனாகிறார். இக்கட்டத்தில் நடிகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் ஆவேசம் வருவதுண்டு. பார்ப்பவர்கள் திரௌபதி வேடத்தை அம்மனாகவே வணங்குகின்றனர். வேடம் வெறும் வேடம் என்று ஊரார் கருதியிருந்தால் இவ்வகை மன்னிப்புக்கு இடமே இல்லை.

இந்நாடகத்தில் திரௌபதி சபையோரைக் கேள்வி கேட்கிறாள். முதலில் தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு, அதன்பின் மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்பது அக்கேள்வி. பெரியோர் நிறைந்த அவையில் ஒருவரும் விடை கூறவில்லை. ஊரின் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நடுத்தெருவில் ஒரு பெண்ணின் குரலாக இக்கேள்வி ஆண்டுதோறும் எழுப்பப்படுகிறது.

அருச்சுனன் தபசு

சிவனிடம் பாசுபதம் பெறுவதற்காக அருச்சுனன் தவம் செய்த கதை இது. திறந்தவெளியில் உயரமான தபசு மரம் நடப்படும். பனைமரத் தண்டில் படிக்கட்டைகள் பொருத்தி இதனை அமைப்பர். அருச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி உச்சியை அடைந்து, அங்கிருந்து எலுமிச்சம்பழம், திருநீறு, பூ முதலியவற்றைக் கீழே எறிவார். குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் ஈர உடையுடன் மரத்தைச் சுற்றி வந்து, விழும் பொருள்களை முந்தானையில் ஏந்துவர். கதையில் அருச்சுனன் பெறும் வரத்தை இங்கு ஊரார் பகிர்ந்துகொள்கின்றனர்.

இதே கதை மாமல்லபுரத்தில் கல்லிலும் காணப்படுகிறது. அங்குள்ள பெரிய பாறைச் சிற்பத்தொகுதியில் எலும்பு தெரிய மெலிந்த ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்ய, அருகில் சிவன் நிற்கிறார். இதனை அருச்சுனன் தபசு எனச் சிலரும், கங்கையை வேண்டிப் பகீரதன் செய்த தவம் எனச் சிலரும் கொள்வர். அதே தவக்கோலத்தில் ஒரு பூனை நிற்பதும் அதனைச் சுற்றி எலிகள் இருப்பதும் இச்சிற்பத்தின் நகைச்சுவைப் பகுதி. அருகே 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் கோயில்கள் பஞ்சபாண்டவர் இரதங்கள் என வழங்குகின்றன. அவற்றுள் திரௌபதி இரதம் எனப்படுவது உண்மையில் கொற்றவைக்குரிய கோயிலாகும். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வழக்கில் ஏற்பட்டவை. கூத்துக்கும் இச்சிற்பங்களுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும் இக்கடற்கரையில் பாரதக் கதைமாந்தர் மக்களின் நினைவில் எவ்வளவு ஆழமாக இடம்பெற்றுள்ளனர் என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

படுகளம்

இறுதி இரவில் பதினெட்டாம் போர் ஆடப்படும். விடிந்ததும் நாடகம் களரியை விட்டு வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்கிறது. அங்கு மண்ணைக் குவித்துப் பல அடி நீளத்தில் படுத்த நிலையில் துரியோதனன் உருவம் செய்யப்பட்டிருக்கும். இரவெல்லாம் ஆடிக் களைத்த பீமன், துரியோதனன் வேடதாரிகள் அவ்வுருவத்தைச் சுற்றிச் சண்டையிடுவர். முடிவில் மண்ணுருவத்தின் தொடை பிளக்கப்படும். உள்ளே வைக்கப்பட்ட சிவப்பு நீர் இரத்தமாக வழியும். அதனைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். உருவம் சிதைக்கப்பட்ட பின் மக்கள் அம்மண்ணை எடுத்துச் சென்று வீட்டிலும் நெல் சேமிக்கும் இடத்திலும் வைப்பர். பகைவனின் உடலாக இருந்த மண் வளம் தரும் பொருளாக மாறுவது இச்சடங்கின் தனிச்சிறப்பாகும்.

அன்று மாலை, காப்புக் கட்டி நோன்பிருந்தவர்கள் தீமிதிப்பர். மறுநாள் தருமர் பட்டாபிடேகத்துடன் விழா நிறைவுறும்.

விழாவுக்கு வெளியே

கூத்தின் சமயப் பயன் திரௌபதி அம்மன் விழாவுடன் முடிவதில்லை. இறந்தவரின் கருமாதிச் சடங்கையொட்டிக் கர்ண மோட்சம் ஆடப்படுகிறது. கர்ணன் வீடுபேறு அடைவதுபோல இறந்தவரும் நற்கதி அடைவார் என்பது நம்பிக்கை. மழை பொய்த்த காலத்தில் விராட பருவம் படிப்பதும் ஆடுவதும் உண்டு. பிறப்புக்கு அருச்சுனன் தபசு, மழைக்கு விராட பருவம், இறப்புக்குக் கர்ண மோட்சம் என உழவர் வாழ்வின் முதன்மையான தேவைகளுக்கு ஒவ்வொரு நாடகம் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பிற சமயச் சமூகங்களுடன் ஒப்பீடு

எல்லாச் சமயச் சமூகங்களும் நாடகத்தை இவ்வாறு ஏற்றதில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் சார்ச் பாக்சு என்பவரின் போதனையால் தோன்றிய குவேக்கர்கள் இதற்கு எதிர்முனையில் இருந்தனர். நண்பர்கள் சமயச் சங்கம் என்பது அவர்களது அமைப்பின் பெயர். மௌனமாக அமர்ந்து வழிபடுவதும், உண்மையை மட்டுமே பேசுவதும் அவர்களது நெறி. தான் அல்லாத ஒருவராக நடிப்பது அந்நெறிக்கு முரணானது என்றும், நாடகம் மனத்தை உலகியல் இன்பங்களில் சிதறச்செய்வது என்றும் அவர்கள் கருதினர். குவேக்கரான வில்லியம் பென் 1682இல் பென்சில்வேனியா குடியேற்றத்துக்கு வகுத்த சட்டங்களில் மேடை நாடகங்களும் சீட்டு, பகடை ஆகியவையும் ஒரே வரிசையில் கண்டிக்கப்பட்டன. இந்நிலை பின்னர் மாறியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியக் குவேக்கர்கள் இளைஞர்களுக்கான நாடகக் குழுவையே அமைத்தனர். இளைஞர் ஒன்றுகூடவும், அமைதி முதலிய தம் கொள்கைகளைப் பிறருக்கு எடுத்துரைக்கவும் அவர்கள் நாடகத்தைப் பயன்படுத்தினர்.

கத்தோலிக்கர் நாடகத்தை வழிபாட்டுடன் இணைத்தவர்கள். செருமனியின் ஓபரம்மர்காவ் என்னும் ஊரார், கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட்டால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பதாக 1633இல் நேர்ந்துகொண்டு 1634இல் முதன்முதலாக நடித்தனர். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இன்றும் தொடர்கிறது. இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளின் தமிழ்க் கத்தோலிக்கரும் கூத்தையும் பாசுகு நாடகத்தையும் வளர்த்தனர்.

குவேக்கரும் திரௌபதி அம்மன் வழிபாட்டினரும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தாலும், நடிப்பு வெறும் விளையாட்டு அன்று என்பதில் ஒத்துப்போகின்றனர். நடிப்பு நடிப்பவரை மாற்றிவிடும் என்று அஞ்சி ஆதிக் குவேக்கர் அதனை விலக்கினர். அது நடிப்பவரையும் பார்ப்பவரையும் மாற்றும் என்று நம்பித் தொண்டை மண்டலத்து ஊரார் அதனைக் கோயிலுக்குள் ஏற்றனர். துச்சாதனன் ஏற்றும் கற்பூரம் அந்த அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்ததன் அடையாளம் எனலாம்.

ஆய்வுகள்

அமெரிக்க அறிஞர் ஆல்ப் இல்ட்பைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு பெரும் தொகுதிகள் வெளியிட்டார். ரிச்சர்டு பிராசுக்காவின் நூல் 1990இல் வெளிவந்தது. கூத்தின் சடங்குத் தன்மைக்கு அது முதன்மை தருகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த அன்னே டி புருயின் 1999இல் வெளியிட்ட நூல் கலைஞர்களின் தொழில், வருவாய், சமூக நிலை ஆகியவற்றுக்கும் கவனம் தருகிறது. ஊராருக்கு வழிபாடாக இருப்பது கலைஞருக்கு வழிபாடும் பிழைப்புமாக இருக்கிறது என்பதை இவ்விரு நோக்குகளையும் சேர்த்துப் படிப்பவர் உணரலாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில்

தமிழர் குடியேறிய இடங்களுக்கு இவ்வழிபாடும் சென்றது. இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு ஆகிய ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி விழா நடைபெறுகிறது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் ஐப்பசி மாதத்தில் நடைபெறும் தீமிதி, திரௌபதிக்குரியது. அதற்கு முன் பாரதப் போரின் கட்டங்கள் சடங்குகளாகச் சுருக்கமாக நிகழ்த்தப்படுகின்றன. விடிய விடிய ஆடும் கூத்து இல்லாத நகரச் சூழலிலும் போரை நிகழ்த்தாமல் தீமிதிப்பதில்லை என்னும் முறை அங்குப் பேணப்படுகிறது.

இன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூத்து நவீன நாடகத்தினரின் கவனத்தைப் பெற்றது. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, திருவண்ணாமலை மாவட்டம் புரிசை ஊரின் கண்ணப்ப தம்பிரானிடமிருந்து பலவற்றைக் கற்றது. பெருங்கட்டூர் பொ. இராசகோபால் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துக் கலைஞர்களுக்கான சங்கம் அமைக்கப்பட்டது. இச்சங்கம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலம் 2002 முதல் 2020 வரை இயங்கியது. அங்குச் சிறுவர்களுடன் சிறுமியரும் கூத்துப் பயின்றது இக்கலை வரலாற்றில் முக்கியமான மாற்றமாகும்.

கூத்தின் நேரமும் சுருங்கிவருகிறது. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. விழாக் காலங்களில் மாநில அரசு தரக்கூடிய விலக்கும் நள்ளிரவு வரைதான். பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் ஒரு கலைக்கு இது நேரடியான இடையூறாகும். தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் வரவால் இரவு முழுவதும் கண்விழித்துப் பார்ப்போர் குறைந்துள்ளனர். எனினும் சடங்குடன் பிணைந்த இரவுகளை ஊரார் எளிதில் கைவிடுவதில்லை. பார்வையாளர் குறைந்தாலும் அம்மனுக்கு நேர்ந்தது நடந்தாக வேண்டும் என்பதே காரணம்.

இச்சமூகத்தில் யாரெல்லாம் அடங்குவர் என்பது தீராத கேள்வியாக உள்ளது. தீண்டாமையின் காரணமாகத் தலித் மக்கள் பல ஊர்களில் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டுள்ளனர். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தருமராசா திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்கள் நுழைவது குறித்து எழுந்த மோதலால் 2023 சூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் அது பூசைக்காகத் திறக்கப்பட்டது. அவையில் நீதி மறுக்கப்பட்ட ஒருத்தியின் கதையை ஆண்டுதோறும் நிகழ்த்தும் வழிபாட்டு மரபுக்குள்ளேயே இச்சிக்கல் எழுந்துள்ளது. திரௌபதி அவையோரிடம் கேட்ட கேள்வி களரிக்கு வெளியிலும் விடையை எதிர்நோக்குகிறது.